சேலரி அக்கவுண்ட்ல மினிமம் பேலன்ஸ் இல்லைனு 4,130 ரூபாய் உருவிட்டாங்க, திரும்ப வாங்க வழி இருக்கா?

சும்மா_ஒருத்தி:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. முன்னாடி வேலை பாத்த கம்பெனில ஒரு தனியார் பேங்க்ல சேலரி அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் குடுத்தாங்க, ஜீரோ பேலன்ஸ்னுதான் சொன்னாங்க. வேலைய விட்டப்புறம் அந்த அக்கவுண்ட்டையே மறந்துட்டேன், 3,200 ரூபாய் கிடந்துச்சு, கிடக்கட்டும் அவசரத்துக்கு ஆகும்னு விட்டுட்டேன். போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தி கைமாத்தா வாங்கின 2,000 ரூபாய யூபிஐல திருப்பி அனுப்பினா, நம்பர் பழைய அக்கவுண்ட்டோட லிங்க் ஆகியிருந்ததால நேரா அங்க போயிடுச்சு. எடுக்கலாம்னு ஆப்பத் தொறந்தா 1,070 தான் இருக்கு!! என்னோட 3,200ம் இல்ல, அவ அனுப்புனதுல 930ம் இல்ல. ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பாத்தா மாசாமாசம் 590, 590னு அஞ்சு தடவ, அப்புறம் 250, இப்ப 930. ஏதோ ஏஎம்பி சார்ஜஸ்னு போட்டிருக்கு. கஸ்டமர் கேர்ல கேட்டா "மேடம் உங்க அக்கவுண்ட் இப்ப சாதா சேவிங்ஸ், 10,000 மெயின்டெய்ன் பண்ணணும்"னு ஒரே பாட்டு. எனக்கு யாரும் எதுவும் சொல்லவே இல்ல. இதெல்லாம் திரும்பக் கிடைக்குமா, இல்ல தலைய முழுகிட வேண்டியதுதானா?

வெட்டி_ஆபிசர்:
முழுகிடுங்க ப்ரோ. நாலாயிரத்துக்காக நாலு தடவ பேங்க்குக்கு அலைஞ்சா பெட்ரோலுக்கே பாதி போயிடும். நானும் ஒரு தடவ போய்க் கத்திட்டு வந்தேன், செக்யூரிட்டி வந்து தண்ணி குடுத்தாரு, அவ்ளோதான் கிடைச்சுது.

சும்மா_ஒருத்தி:
ப்ரோ இல்லங்க சிஸ்டர் 😄 தண்ணியாவது குடுத்தாங்களே.

கவுண்டருக்கு_அந்தப்பக்கம்:
அம்மா, நான் 31 வருஷம் பேங்க்ல குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன், அதனால அந்தப் பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரியும். முதல்ல ஒண்ணு, கவுண்டர்ல இருக்கற பொண்ணு கிட்டயோ பையன் கிட்டயோ சண்டை போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. இந்த சார்ஜ யாரும் உக்காந்து பிடிக்கறதில்ல, மாசக் கடைசில சிஸ்டம் தானா ஓட்டி எல்லார் கணக்குலயும் கழிச்சுட்டுப் போயிடும். திருப்பிக் குடுக்கணும்னா அதுக்கு மேல ஒருத்தர் அப்ரூவல் குடுக்கணும், அப்ரூவல் குடுக்க ஃபைல்ல ஒரு காரணம் வேணும். "கஸ்டமர் ரொம்ப கோவமா இருந்தாங்க"ங்கறது காரணம் ஆகாது. "நோட்டீஸ் குடுக்காம பிடிச்சிருக்கோம்"ங்கறது காரணம். அந்தக் காரணத்தை நீங்கதான் எழுதிக் குடுக்கணும்.

சேலரி அக்கவுண்ட் விஷயம் என்னன்னா, ரெண்டு மூணு மாசம் தொடர்ந்து சம்பளம் வரலேன்னா பெரும்பாலான பேங்க்குல அது சாதா சேவிங்ஸா மாறிடும். அக்கவுண்ட் ஓப்பன் பண்ணும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்துல அது இருக்கும், நாம யாரும் படிக்கறதில்ல. அதனால "ஏன் மாத்தினீங்க"னு கேட்டு அங்க ஜெயிக்கறது கஷ்டம். ஆனா மாத்தினதுக்கப்புறம் சார்ஜ் பிடிக்கறதுக்கு ரிசர்வ் பேங்க் ஒரு முறை வச்சிருக்கு, 2014 நவம்பர் 20ஆம் தேதி சர்க்குலர், 2015 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறை. பேலன்ஸ் குறைஞ்சா முதல்ல எஸ்எம்எஸ்லயோ மெயில்லயோ கடுதாசிலயோ உங்களுக்குச் சொல்லணும், சொன்ன தேதிலேர்ந்து குறைஞ்சது ஒரு மாசம் டைம் குடுக்கணும், அதுக்குள்ள நீங்க சரி பண்ணலேன்னாதான் பிடிக்கலாம். பிடிக்கறதும் எவ்ளோ குறையுதோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கணும், பத்து ரூபாய் குறைஞ்சவருக்கும் பத்தாயிரம் குறைஞ்சவருக்கும் ஒரே தொகைன்னு போடக் கூடாது. சார்ஜ் போட்டதாலேயே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது.

உங்க கதைல இந்த மூணுமே இடிக்குதே! ஸ்டேட்மெண்ட்டையும் அந்த பேங்க்கோட சார்ஜ் ஷெட்யூலையும் (வெப்சைட்லயே கிடக்கும்) பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

சும்மா_ஒருத்தி:
சார் ரொம்ப தேங்க்ஸ். ஷெட்யூல் பாத்தேன், "குறையும் தொகையில் 6% அல்லது 500 ரூபாய், எது குறைவோ அது, ஜிஎஸ்டி தனி"னு போட்டிருக்கு. இது எனக்கு எப்படி வரும்னு புரியல, கணக்குல நான் வீக்.

கணக்குப்புலி_இல்ல:
நான் போட்டுத் தர்றேன். 10,000 இருக்க வேண்டிய இடத்துல முதல் மாசம் உங்ககிட்ட 3,200 இருந்துச்சு, குறையறது 6,800. அதுல 6% 408 ரூபாய். 500ஐ விட 408 கம்மி, அப்ப 408தான் பிடிக்கணும், 18% ஜிஎஸ்டி 73.44 சேத்தா 481.44. அவங்க பிடிச்சது 590, அதாவது முழு 500 ப்ளஸ் 90 ஜிஎஸ்டி. அவங்க ஷெட்யூல அவங்களே மீறியிருக்காங்க முதல் மாசமே! அடுத்தடுத்த மாசம் சார்ஜாலயே பேலன்ஸ் குறைஞ்சு குறைஞ்சு வித்தியாசம் கூடிடுச்சு, அதனால நாலாவது மாசத்துலேர்ந்து 500 வந்துடும், அது வேற விஷயம். அவங்க பிடிச்ச சார்ஜே அடுத்த சார்ஜுக்குக் காரணம் ஆகுது பாருங்க, குழிய வெட்டி தள்ளிவிட்டுட்டு ஏன் விழுந்தேன்னு ஃபைன் போடற கதை.

மொத்தம் 2,950 + 250 + 930 = 4,130. சரியா ஏழு 590. ஆறாவது மாசம் 250தான் இருந்துச்சு அத வழிச்சு எடுத்துட்டு பாக்கி 340ஐயும், ஏழாவது மாசத்து 590ஐயும் கடனா எழுதி வச்சிருந்திருக்காங்க, உங்க ஃப்ரெண்டு பணம் வந்ததும் 930ஐ லபக்.

அப்புறம் ஏஎம்பின்னா ஆவரேஜ் மன்த்லி பேலன்ஸ். தினமும் ராத்திரி இருக்கற பேலன்ஸக் கூட்டி நாளால வகுப்பாங்க. 30 நாள் மாசத்துல ஒரே ஒரு நாள் 3 லட்சம் போட்டு மறுநாள் எடுத்தாக்கூட சராசரி 10,000 வந்துடும். நிறைய பேர் "ஒரு நாள் கம்மியாச்சு ஃபைன் போட்டுருவான்"னு பயப்படறாங்க, அப்படி இல்ல.

வெட்டி_ஆபிசர்:
3 லட்சம் இருந்தா நான் ஏன் ப்ரோ இங்க உக்காந்து இத படிச்சிட்டு இருக்கேன்

கவுண்டருக்கு_அந்தப்பக்கம்:
கணக்கு ரொம்ப சரி. லீன்னு (பின்னால வர்ற பணத்துல எடுத்துக்கறதுக்குக் கணக்குல குறிச்சு வைக்கறது) போட்டு வச்சுட்டு அப்புறம் பணம் வரும்போது எடுக்கறத தனி பாயிண்ட்டா எழுதுங்க. "மைனஸே ஆகலையே, லீன் தானே"னு பேங்க் சொல்லும். சொல்லட்டும், எழுத்துல சொல்லட்டும்.

லெட்டர் சுருக்கமா இருக்கட்டும். உங்க சோகக்கதை, வேலை போனது, ஃப்ரெண்டு பணம் இதெல்லாம் வேண்டாம். நான் இப்படி எழுதுவேன்:

"என் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கீழ்க்கண்ட தேதிகளில் மொத்தம் 4,130 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். (1) ஒவ்வொரு தடவையும் இருப்பு குறைந்ததை எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அல்லது முகவரிக்குத் தெரிவித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் தரவும். (2) முதல் மாதம் உங்கள் கட்டண அட்டவணைப்படி 408 ரூபாயும் ஜிஎஸ்டியும் வர வேண்டிய இடத்தில் 500 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடித்ததற்குக் காரணம் தரவும். (3) கணக்கில் பணமே இல்லாத மாதத்துக்கான கட்டணத்தை நிலுவையில் வைத்துப் பின்னால் வசூலித்தது எந்த விதிப்படி என்று தெரிவிக்கவும். தெரிவிப்பும் ஒரு மாத அவகாசமும் இல்லாமல் பிடித்தது ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைக்கு மாறானது என்பதால் தொகையை ஜிஎஸ்டியுடன் திருப்பி வரவு வைக்கவும்."

அவ்வளவுதான். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல் போட்டு தேதியோட வாங்கிக்கோங்க. சீல் போட மாட்டேன்னு சொன்னா சண்டை வேண்டாம், அதையே பேங்க்கோட குறைதீர்ப்பு மெயிலுக்கு அனுப்பி புகார் நம்பர் வாங்கிடுங்க. அந்த நம்பர் இல்லேன்னா நீங்க புகார் குடுத்ததாவே யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

ஏற்கனவே_பட்டவன்:
சார் சொன்னதோட நான் பட்டதையும் சேத்துக்கறேன். நான் பண்ண தப்பு என்னன்னா கோவத்துல நேரா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனுக்கே (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கறவர்) போட்டுட்டேன். முதல்ல பேங்க்கிட்ட புகார் குடுக்கலைனு திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டு மாசம் வேஸ்ட். முறை என்னன்னா பேங்க்கிட்ட எழுத்துல குடுக்கணும், 30 நாள் பாக்கணும், பதிலே வரலேன்னாலோ வந்த பதில் திருப்தி இல்லேன்னாலோதான் ஆம்பட்ஸ்மேன். சிஎம்எஸ்னு ஒரு ஆன்லைன் போர்ட்டல் இருக்கு, அதுல போடலாம், ஃபீஸ் ஒரு பைசா கிடையாது, வக்கீலும் தேவையில்ல. 2021 நவம்பர்லேர்ந்து நாடு முழுக்க ஒரே திட்டம் ஆக்கிட்டாங்க, முன்ன மாதிரி உங்க பிராஞ்ச் எந்த ஆம்பட்ஸ்மேன் எல்லைல வருதுனு தேடிட்டு இருக்க வேண்டாம். சந்தேகம்னா 14448க்கு ஃபோன் பண்ணலாம். ஆனா புகாருக்கு காலக்கெடு உண்டு, ஆறப்போட்டுடாதீங்க.

ரெண்டாவது தடவ நான் கத்துக்கிட்டதுதான் முக்கியம். முதல் புகார்ல நான் "இவ்ளோ சார்ஜ் அநியாயம், கொள்ளை, ஏழைங்க வயித்துல அடிக்கறாங்க"னு ஒரு பக்கம் எழுதினேன். கமர்ஷியல் முடிவு, அதாவது பேங்க் எவ்ளோ ரேட் வைக்குதுங்கறதுல ஆம்பட்ஸ்மேன் தலையிட மாட்டாரு. ரேட் ஜாஸ்தின்னு சொன்னா அத்தோட முடிஞ்சுது. "ரேட் என்னவோ இருக்கட்டும், பிடிச்ச முறை தப்பு, இதோ விதி, இதோ தேதி"னு சொன்னாத்தான் கதவு தொறக்கும். ரெண்டாவது தடவ அஞ்சு வரில எழுதினேன், பணம் வந்துச்சு.

இன்னொண்ணு, கொஞ்சம் பெரிய பேங்க் எல்லாத்துலயும் இன்டர்னல் ஆம்பட்ஸ்மேன்னு ஒருத்தர் இருப்பாரு. உங்க புகார முழுசாவோ பாதியாவோ நிராகரிக்கணும்னா அவர் பாத்துட்டுத்தான் கடைசி பதில் அனுப்பணும். அதனால "முடியாது"னு ஒரு வரி மெயில் வந்தா "இத இன்டர்னல் ஆம்பட்ஸ்மேன் பாத்தாரா?"னு ஒரு வரி திருப்பிக் கேளுங்க. என் அனுபவத்துல அதுக்கப்புறம் மெயிலோட தொனியே மாறிடுச்சு.

தேம்ஸ்_கரை:
இஞ்ச லண்டனிலயும் இதே கதைதான் நடந்தது, அதால சொல்லுறன். ஓவர்டிராஃப்ட் (கணக்கில இருக்கிறதுக்கு மேல எடுக்கிறது) சார்ஜ் அநியாயம் எண்டு கனபேர் பேங்குகளுக்குக் கடிதம் போட்டு காசைத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தவை. பிறகு வழக்கு சுப்ரீம் கோர்ட் மட்டும் போய் 2009 நவம்பரில பேங்குகள்தான் வெண்டது. கோர்ட் சார்ஜ் நியாயம் எண்டு சொல்லேல்ல, அது நீங்கள் எடுக்கிற சேவைக்கான விலையின்ர ஒரு பங்கு, அந்த விலை கூடவோ குறையவோ எண்டு நியாயமில்லாத ஒப்பந்த நிபந்தனைகள் பற்றின சட்ட விதிக்குக் கீழ பார்க்கேலாது எண்டுதான் சொன்னது. மேல உள்ள தம்பி சொன்ன அதே விசயம். விலையோட மோதினால் தோல்வி. கடைசியில 2020 ஏப்ரலில ரெகுலேட்டரே விதியை மாத்தி இப்பிடியான ஃபிக்ஸ்ட் கட்டணங்களை நிப்பாட்டினது, ஆனா பத்து வருசத்துக்கு மேல போட்டுது.

மஞ்சப்பை:
நடுவுல புகுந்து கேக்கறேன் மன்னிக்கணும். எங்க அப்பாவோட பழைய அக்கவுண்ட்ல மூணு வருஷமா எந்த ட்ரான்சாக்ஷனும் இல்ல, அதுலயும் இப்படி பிடிச்சிருப்பாங்களா? அப்புறம் அம்மா பாஸ்புக்ல 436னும் 20னும் ரெண்டு எடுத்திருக்காங்க அது என்ன சார்ஜ்?

கவுண்டருக்கு_அந்தப்பக்கம்:
ரெண்டு வருஷத்துக்கு மேல நீங்களா எதுவும் பண்ணலேன்னா அது இனாப்பரேட்டிவ் கணக்கு, அதுல மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்கவே கூடாது, திரும்ப உயிர் குடுக்கறதுக்கும் காசு கேக்கக் கூடாது. கேஒய்சி காகிதம் எடுத்துட்டுப் போனாப் போதும்.

436ம் 20ம் சார்ஜ் இல்ல தம்பி, இன்சூரன்ஸ் பிரீமியம். பிரதமர் ஜீவன் ஜோதி 436, விபத்துக் காப்பீடு சுரக்ஷா பீமா 20, வருஷத்துக்கு ஒரு தடவ மே மாசக் கடைசி வாக்குல போகும். அம்மா எப்பவாவது கையெழுத்துப் போட்டிருப்பாங்க. வேண்டாம்னா ஆட்டோ டெபிட்ட நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுக்கலாம், ஆனா விபத்துக் காப்பீடு 20 ரூபாய்க்கு 2 லட்சம், அத நிறுத்தச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். கையெழுத்தே போடலேன்னா போட்ட ஃபாரத்தக் காட்டுங்கனு கேளுங்க. பொதுத்துறை பேங்க்கா இருந்தா ஆர்டிஐலயும் கேக்கலாம், 10 ரூபாய்தான்.

வெட்டி_ஆபிசர்:
சரி நானும் வெக்கத்த விட்டு கேக்கறேன், ஏடிஎம்ல பணம் வராம அக்கவுண்ட்ல கழிஞ்சுடுச்சு, ஒம்பது நாள் கழிச்சு வந்துச்சு. அதுக்கு ஏதாச்சும் உண்டா

ஏற்கனவே_பட்டவன்:
உண்டு. அந்த நாள விட்டுட்டு 5 நாளுக்குள்ள தானா திருப்பிப் போடணும், தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு, 2019 செப்டம்பர் சர்க்குலர். 9ல 5 போனா 4 நாள், 400 ரூபாய். நீங்க கேக்காமலே போடணும்ங்கறதுதான் விதி. போட்டிருக்காங்களா பாருங்க, இல்லேன்னா கேளுங்க. மெஷின் கோளாறுல ஃபெயில் ஆனத இலவச தடவை கணக்குலயும் சேக்கக் கூடாது.

வெட்டி_ஆபிசர்:
போடல. தண்ணி மட்டும்தான் குடுத்தாங்க. நாளைக்கே எழுதறேன்.

சும்மா_ஒருத்தி: (11 நாள் கழிச்சு)
அப்டேட். லெட்டர் அப்படியே குடுத்தேன், பிராஞ்ச்ல சீல் போட்டுக் குடுத்தாங்க ஆச்சரியமா. மேனேஜர் நல்லாத்தான் பேசினாரு, "எஸ்எம்எஸ் போயிருக்கும்மா"ன்னாரு, எந்த நம்பருக்குனு கேட்டேன், பாத்துட்டு சொல்றேன்னாரு. நேத்து ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு ஃபோன், "குட்வில்லா ரெண்டு மாச சார்ஜ் ரிவர்ஸ் பண்றோம் மேடம், கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணிக்கலாமா?"னு கேட்டா. சரின்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, யோசிச்சு சொல்றேன்னுட்டேன். ஓகே சொல்லலாமா?

ஏற்கனவே_பட்டவன்:
வந்த பணத்த வேண்டாம்னு சொல்லாதீங்க, ஆனா க்ளோஸ் பண்ண ஒத்துக்காதீங்க. "1,180 வரவு வைங்க, மீதி 2,950க்கு என் புகார் அப்படியே நிக்குது, மூணு கேள்விக்கும் எழுத்துல பதில் வேணும்"னு மெயில்ல சொல்லுங்க, ஃபோன்ல இல்ல. ஃபோன்ல சரின்னு சொன்னா "வாடிக்கையாளர் சம்மதத்துடன் முடிக்கப்பட்டது"னு அடிச்சு ஃபைல மூடிடுவாங்க, அப்புறம் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போனா அதத்தான் காட்டுவாங்க.

கவுண்டருக்கு_அந்தப்பக்கம்:
குட்வில்னு சொன்னா அவங்ககிட்ட நோட்டீஸ் அனுப்பின ஆதாரம் இல்லனு அர்த்தம்மா. இருந்திருந்தா அதத்தான் முதல்ல அனுப்பியிருப்பாங்க. நானே அந்த மாதிரி நிறைய ஃபோன் பண்ணியிருக்கேன், எனக்குத் தெரியாதா.

சும்மா_ஒருத்தி: (26ஆவது நாள்)
ஆம்பட்ஸ்மேன் வரைக்கும் போகவே வேண்டியதில்லாமப் போச்சு. 3,540 வந்துடுச்சு, ஜிஎஸ்டியோட ஆறு மாசம். எஸ்எம்எஸ் எல்லாம் கம்பெனில குடுத்திருந்த பழைய நம்பருக்குப் போயிருக்காம், அது எப்பவோ சரண்டர் பண்ணது. யூபிஐ புது நம்பர்ல ஓடுது, புது நம்பரும் அவங்க சிஸ்டத்துல இருக்கு, ஆனா மெசேஜ் மட்டும் பழசுக்கு! கடைசி மாசத்துக்கு மட்டும் மெயில் அனுப்பினாங்களாம், தேதியோட காட்டறாங்க, தேடினா ஸ்பேம்ல உக்காந்திருக்கு. அதனால அந்த 590 மட்டும் தர முடியாதுனு பதில்.

கணக்குப்புலி_இல்ல:
அந்த மெயில் எந்தத் தேதி, அந்த 590 எந்தத் தேதி பிடிச்சாங்க?

சும்மா_ஒருத்தி:
மெயில் 9ஆம் தேதி. சார்ஜ் போட்டது அதே மாசம் 30.

கணக்குப்புலி_இல்ல:
21 நாள்.

சும்மா_ஒருத்தி:
ஐயோ ஆமால்ல. ஒரு மாசம் குடுக்கணும்ல. இருங்க மெயில் அடிக்கறேன்.